மாவுக்கடை நம்பர்

கல்லூரியில் சேர்ந்த அன்று நிரப்பிய படிவத்தில் ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் நம்பரையே எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ மயக்கம் போட்டு விழுந்தா ஒனக்கே போன் போட்டு, நீ விழுந்துட்டேன்னு சொல்லவா?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அதை அடித்துவிட்டு அப்பாவின் நம்பரை எழுதினேன். அப்பா லாரி ஓட்டுகிறார். வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர மூன்று வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அந்த நாட்களில் பாதி நேரம் அவருடைய போன் அணைந்து கிடக்கும். நான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்துவிட்டார். திருவாதவூரில் தாய்மாமன் இருக்கிறார். அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்திலேயே அவருக்கும் அப்பாவுக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. அந்தக் கட்டத்தில் நான் எழுதிய நம்பரைக் கூப்பிட்டால் யாரும் எடுக்கப் போவதில்லை என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

சேர்ந்த படிப்பின் பெயர் ஹெல்த் டேட்டா அனலிட்டிக்ஸ். மூன்று வருடமும் இதை யாருக்காவது விளக்கிக்கொண்டே இருந்தேன். “டாக்டருக்கா?” இல்லை. “நர்ஸுக்கா?” இல்லை. “அப்ப கம்ப்யூட்டருன்னு சொல்லு.” சரி, கம்ப்யூட்டர். நோயாளிகளின் விவரங்களையெல்லாம் சேர்த்துவைத்து, யாருக்கு எந்த நோய் எங்கே கூடுகிறது, யார் வைத்தியத்தைப் பாதியில் விட்டார்கள் என்று கண்டுபிடிக்கிற படிப்பு என்று ஒருமுறை விடுதிக்காரம்மாவிடம் பொறுமையாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எனக்கு முட்டு வலிக்குது, என்ன மாத்திர போடலாம்?” என்றார்.

வகுப்பில் தொடக்கத்தில் ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர் உட்கார்ந்தோம். முதல் பருவம் முடிவதற்குள் பாதிப் பேர் நர்சிங்குக்கும் பார்மசிக்கும் ஓடிவிட்டார்கள். மீதி இருந்தவர்களும் தங்களுக்குள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொண்டார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் நான் மிஞ்சினேன். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நானும் அப்போது யாருடனும் ஒட்டுகிற ஆளாக இல்லை. யாராவது அம்மாவைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து, கேட்பதற்கு முன்பே எரிந்து விழுவேன்.

திருநகரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது. அறையில் நாலு கட்டில். மற்ற மூவருக்கும் மூன்று வேறு ஷிப்ட். ஒருத்தி வரும்போது ஒருத்தி போவாள், ஒருத்தி தூங்குவாள். ஒரு வருடத்தில் நாலு பேரும் விழித்தபடி ஒன்றாக உட்கார்ந்தது, கேஸ் கசிந்து எல்லாரையும் வாசலில் நிறுத்தியபோது மட்டும்தான். அன்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

படிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அட்டவணையில் வரிசை வரிசையாக மனிதர்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இந்தப் படிப்பில் முக்கால்வாசி வேலை சுத்தம் செய்வதுதான். எங்கள் ஊர்க்காரர்கள் சொல்லும் விவரங்களைச் சுத்தம் செய்வதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எல்லாருக்கும் வயது நாற்பது, நாற்பத்தைந்து, இல்லாவிட்டால் ஐம்பது. நாற்பத்துமூன்று வயதுக்காரர் மதுரையில் ஒருவர்கூடக் கிடையாது போல. பிறந்தநாள் பாதிப் பேருக்கு மே மாதக் கடைசியில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்து வைத்துவிட்ட நாள் அது. பேரும் அப்படித்தான். தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர் ஒன்று எங்கள் ஊரில் உண்டு, சொல்ல வேண்டியதே இல்லை. என் பெயரும் அதுதான்.

மூன்றாம் வருடம் புராஜெக்டுக்கு மற்றவர்கள் ஜோடியாகப் போனார்கள். எனக்குத் தனியாக ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி கிடைத்தது. அவர்கள் செல்லூரில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் முகாம் நடத்தியிருந்தார்கள். பொங்கல் முடிந்து ஒன்று, பங்குனியில் ஒன்று. முதல் முகாமில் சர்க்கரை கூடுதலாக இருந்தவர்கள் இரண்டாவது முகாமுக்கு வந்தார்களா, இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, வராதவர்களைப் பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். விவரங்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் பதிவேட்டு அறையில் ஒரு கம்ப்யூட்டரும், காற்று வராத ஒரு ஃபேனும் தந்தார்கள்.

இரண்டு முகாமிலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் போட்டிருந்தால் வேலை சுலபம். ஆனால் இரண்டு முறையும் புதுச் சீட்டு. எது யார் என்று நான்தான் பொருத்த வேண்டும். அதற்கு ஒரு விதி எழுதினேன்: பெயர் ஒன்று, வயது ஒன்று, போன் நம்பரும் ஒன்று என்றால் ஆள் ஒன்று. இதில் எங்கே தப்பு வரும்? எனக்குத் தெரியவில்லை. எங்கள் துறை மேடத்துக்கும் தெரியவில்லை. விதியை ஓடவிட்டதும் சிதறிக் கிடந்த வரிசைகள் அழகாக ஒன்றோடொன்று சேர்ந்தன. பாதிக்கு மேல் இரண்டாம் முறை வந்திருந்தார்கள், அதில் நிறைய பேருக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. வரைபடத்தைப் பார்த்துவிட்டு மேடம், “ரொம்ப க்ளீனா இருக்கும்மா” என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு வாரம் வைத்திருந்தேன். பகிர்ந்துகொள்ள ஆள் இல்லாதவர்களுக்கு ஒரு பாராட்டு நிறைய நாள் வரும்.

கூப்பிட வேண்டியவர்களின் பட்டியலை ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். அறிக்கை பைண்டிங்குக்குப் போனது.

சித்திரைத் திருவிழாவுக்குக் கல்லூரி விடுமுறை. விடுதியே காலியாகிவிட்டது. சாமியை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்க்க, சாமி ஆற்றில் இறங்குவதைப் பார்க்க என்று ஊரே கிளம்பிப் போனது. என்னையும் யாராவது கூப்பிடுவார்கள் என்று காலையில் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் அந்த அறையில் இருக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். வேலை எதுவும் இல்லை. செய்து முடித்த அட்டவணையில் உயரம், எடை இரண்டையும் சும்மா சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண்ணின் உயரம் பொங்கல் முகாமில் நூற்று நாற்பத்தெட்டு. பங்குனி முகாமில் நூற்று அறுபத்துமூன்று. நாற்பத்தைந்து வயதில், இரண்டே மாதத்தில், முக்கால் சாண் வளர்ந்திருக்கிறாள்.

தட்டச்சில் தவறு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். எடையைப் பார்த்தேன். அதுவும் ஒட்டவில்லை. பிறகு அந்தப் போன் நம்பரைத் தேடினேன். அதே நம்பர் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பதினான்கு வரிசைகளில், வேறு வேறு பெயர்களோடு வந்தது. இரண்டு பெண்களை நான் ஒருத்தியாக்கியிருக்கிறேன். ஒருத்திக்குச் சர்க்கரை மிகவும் கூடுதல். இன்னொருத்திக்குச் சர்க்கரையே இல்லை. முதல் பெண்ணின் கூடுதலுக்குப் பின்னால் இரண்டாவது பெண்ணின் நல்ல எண்ணைப் போட்டு, ‘வந்தார், இறங்கிவிட்டது’ என்று எழுதிக் கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டேன்.

முகாம் பொறுப்பில் இருந்த சிஸ்டர் அன்றும் பணியில் இருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “ஆபீஸ் போன்லருந்து கூப்பிட்டுப் பாரு. நோயப் பத்தி அவங்களத் தவிர யார்கிட்டயும் வாயத் தொறக்காத” என்றார்.

எடுத்தது ஒரு பெண்ணின் குரல். பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம்.

“யாரு?”

ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“எவள? இந்தத் தெருவுல அந்தப் பேருல நாலு பேரு இருக்காளுக. நெட்டையா, கட்டையா?”

“நூத்தி நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்க்கா.”

“என்னது?”

“கட்டைக்கா.”

“கட்டையில ரெண்டு பேரு. கண்ணாடி போட்டவளா, போடாதவளா?”

அந்தக் கட்டம் எங்கள் அட்டவணையில் இல்லை. வயது நாற்பத்தைந்து என்றேன்.

“எல்லாளுக்கும் நாப்பத்தஞ்சுதேன். நீ திருநா முடிஞ்சு நேர்ல வா புள்ள. இப்ப தெருவுல ஈ காக்கா கெடையாது, அம்புட்டுப் பேரும் ஆத்துலதேன் நிக்கிறாக.”

மூன்று நாள் காத்திருந்தேன். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எல்லா டேட்டாவுலயும் ரெண்டு மூணு வரிசை அப்படித்தாம்மா இருக்கும், பைண்டிங் வந்துருச்சு, விடு” என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு அது வரிசை, எனக்கும் அதற்கு முந்தைய வாரம் வரை அது வரிசைதான்.

பெரியார் நிலையத்தில் பஸ் மாறி, வைகையைத் தாண்டி, செல்லூரில் இறங்கி விசாரித்துப் போனேன். சந்துக்குள் நுழைந்ததுமே எனக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் விசைத்தறிகள். தரையே அதிர்ந்தது. வழி கேட்டவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சந்து முடிகிற இடத்தில் இட்லி மாவு விற்கும் கடை இருந்தது. கடைக்கார அக்காவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், கைமுட்டி வரை மாவு. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். அப்போதுதான் பேச முடிந்தது.

“தறிக்குப் பக்கத்துல நின்னா இடி விழுந்தாலும் தெரியாது. இதுல போன் அடிச்சா எவளுக்குக் கேக்கும்? அதேன் எல்லாளும் என் நம்பரக் குடுத்துருவாளுக. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சிலிண்டரு, எல்லாத்துக்கும் இதேன். போன் வந்தா நான் போயித் தோளத் தட்டிக் கூட்டியாருவேன்.”

எங்கள் பாடத்தில் இப்படி ஒரே நம்பர் பல இடத்தில் வந்தால் அதற்குப் பெயர் பிழை. இங்கே அதற்கு அர்த்தம், கூப்பிட்டால் எழுந்து ஓடி வருகிற ஓர் ஆள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த நேரத்தில் அந்த எண்ணம் வந்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் முகாமுக்குப் போய், பங்குனி முகாமுக்குப் போகாத கட்டை என்றதும் அக்காவுக்கு ஆள் பிடிபட்டது; போய் அவரைக் கூட்டிவந்தார். குள்ளமான உருவம், தலைமுடியெல்லாம் பஞ்சு. இடது காலைத் தரையில் முழுதாக ஊன்றாமல் நடந்து வந்தார். அக்காவை வெளியே இருக்கச் சொன்னேன். “என் கடையில இருந்து என்னய வெரட்டுறியா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உங்களுக்குச் சர்க்கரை ரொம்பக் கூடுதலாக இருக்கிறது, அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும், என் தப்பினால் கூப்பிடவில்லை என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

“கூப்புடுவோம்னு சொன்னாக,” என்றார் அவர். “கூப்புடல. கூப்புடலன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்னு நான்பாட்டுக்கு இருந்துட்டேன்.”

“இன்னொருத்தங்க பேரும் ஒங்க பேரும் ஒண்ணா இருந்துச்சுக்கா. ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு சேத்துட்டேன்.”

“எவ, நெட்டச்சியா?” அவர் முகம் மாறியது. “அவளுக்கும் எனக்கும் பேச்சே கெடையாது. போயும் போயும் அவகூடவா சேத்த?”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. காலைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்குப் பக்கத்து விரலில் துணி சுற்றி, மேலே மஞ்சள் அப்பியிருந்தது. பங்குனியில், தறிக்கு நூல் சுற்றிவைக்கும் பாவு உருளை இடித்த காயம், இன்னும் ஆறவில்லை என்றார். துணியை அவிழ்த்தபோது வந்த வாடை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. நான் டாக்டருக்கும் படிக்கவில்லை, நர்ஸுக்கும் படிக்கவில்லை. ஆனால் அந்த விரல் கருத்திருந்ததைப் புரிந்துகொள்ள ஒரு படிப்பும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். மாவுக்கடை அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்தார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். விரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே ஆறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். யாரையும் குத்திக் காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை, நான் அங்கே நிற்பதே அவருக்குத் தெரியாது.

விரலை எடுத்த மறுநாள் மத்தியானம் வார்டில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்காரர் தறியில், மகளைக் கட்டிக் கொடுத்தது வெளியூரில்.

“ஒன் மேல கோவமில்லன்னு பொய் சொல்ல மாட்டேன்,” என்றார் அவர். “ஒனக்கு எழுத்து. எனக்கு வெரலுல்ல?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. போவதற்கு ஓர் இடமும் இல்லை என்பது ஒரு காரணம். அங்கே உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்குச் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை என்பது இன்னொரு காரணம். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும்தான் கிளம்பினேன். மறுநாளும் போனேன். அவர் வீட்டுக்குப் போகும்வரை தினமும் போனேன். மூன்றாம் நாள் அவர், “தண்ணி பாட்டில எடு” என்றார். அதற்கு மேல் அவர் என்னிடம் எதிர்பார்க்கவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஒன்றாகச் சேர்த்த வரிசைகளையெல்லாம் திரும்பப் பிரித்தேன். உயரத்தையும் விதியில் சேர்த்தேன். பகிர்ந்துகொள்ளும் நம்பர்கள் எவை என்று ஒரு கட்டமும், கூப்பிட்டால் யாரை எப்படிக் கேட்க வேண்டும் என்று ஒரு கட்டமும் போட்டேன். இன்னும் சில பெண்கள் அப்படி ஒருத்திக்குள் ஒருத்தியாக மறைந்து கிடந்தார்கள். சிஸ்டர் அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். யாருக்கும் விரல் போகும் அளவுக்கு ஆகியிருக்கவில்லை. என்னுடைய அழகான வரைபடம் படுத்துவிட்டது. முதல் அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பைண்டிங் செய்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர், “முடிவுகள் ஒன்றும் பெரிதாக இல்லையே?” என்றார். ஆமாம் சார் என்றேன். சுமாரான மார்க் போட்டார்.

போன மாதம் கல்லூரியில் கடைசிப் படிவம் கொடுத்தார்கள். சான்றிதழ் வாங்குவதற்கு முன்னால் விவரங்களைச் சரிபார்க்க வேண்டுமாம். அதே அலுவலகம், அதே அம்மாள், அதே கட்டம். அப்பா அந்த வாரம் எந்த மாநிலத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு எனக்கு மனப்பாடமாகிவிட்ட ஒரு நம்பரை எழுதினேன்.

“இது யாரு, சொந்தமா?” என்றார் அந்த அம்மாள்.

“மாவுக்கடைங்க.”

அவர் என்னை மறுபடியும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கேட்காமல் கொடுத்துவிட்டோமே என்று உறுத்தியது. வராந்தாவுக்கு வந்து போன் போட்டேன். கிரைண்டர் சத்தம்.

“அக்கா, காலேஜுல அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் கேட்டாங்க. ஒங்க நம்பரக் குடுத்துட்டேன்.”

“குடு, குடு. இங்க வார போன்ல இதும் ஒண்ணு. என்ன பேரச் சொல்லிக் கேப்பாக?”

என் பெயரைச் சொன்னேன். இத்தனை நாளில் அவர் என் பெயரைக் கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை.

“யாத்தி! ஒனக்கும் அதேனா? இதோட அஞ்சு பேரா? நான் எப்பிடி அடையாளங் கண்டுக்கிறது?”

“நான் நெட்டையும் இல்ல, கட்டையும் இல்லக்கா.”

“அதெல்லாம் வேணாம்,” என்றார். கிரைண்டரை நிறுத்துவது கேட்டது. “வெரலுபோனவளுக்குக் காவலா ஒக்காந்துருந்த புள்ளன்னு சொல்லச் சொல்லு. ஓடியாந்துருவேன்.”

திரும்ப உள்ளே போய்ப் படிவத்தைக் கேட்டு வாங்கினேன். கட்டத்தில் நம்பருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.